வழி தவறிய விலங்குக்கு உதவுதலும் உரியவரைக் கண்டறிதலும்

கொல்லிமலையில் கட்டில்லாமல், ஆள் துணையில்லாமல் திரியும் நாயோ மாடோ ஆடோ பெரும்பாலும் வழி தவறியது அன்று. நாமக்கல் மாவட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்திருக்கும் இம்மலை, 14 ஊராட்சிகளைக் கொண்டது. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு என ‘நாடு’ என்றே வழங்கப்படும் பகுதிகளில், வயலுக்கும் காப்பி, மிளகுத் தோட்டங்களுக்கும் இடையே சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. நாய் அவிழ்த்துவிடப்பட்ட நிலையிலேயே வீட்டைக் காக்கிறது. மாடு காட்டோரம் மேய்ந்து மாலையில் தொழுவம் சேர்கிறது. அவற்றுக்கு உரியவர் பெரும்பாலும் கூப்பிடு தொலைவில்தான் இருப்பார்.

ஆகவே இம்மலையில் விலங்குக்கு உதவ முனைபவர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி: விசாரிக்காமல் இடம் மாற்றக் கூடாது. இரக்கப்பட்டு வண்டியில் ஏற்றிக் காரவள்ளி அடிவாரத்தில் இறக்கிவிடப்பட்ட நாய், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தன் ஊர் திரும்புவது அரிது. அதைத் தேடுபவரும் அடிவாரம் வரை வந்து தேடமாட்டார். கண்ட இடத்திலேயே காப்பது, அங்கிருந்தே விசாரிப்பது, தேவை உறுதியான பிறகே நகர்த்துவது என்ற வரிசையை இந்த இயல் விளக்குகிறது.

ஐந்து வகை

எதிர்ப்படும் விலங்கு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே அடுத்த செயல் அமையும்.

ஊர் நாய்: ஒரு வீட்டுக்கோ ஒரு தெருவுக்கோ சொந்தமானது. சோளக்காடு சந்தை, செம்மேடு பேருந்து நிறுத்தம், பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயில் முகப்பு போன்ற இடங்களில் படுத்திருக்கும் நாய்கள் பெரும்பாலும் இவ்வகை. வந்துபோவோரின் பின்னால் சிறிது தூரம் நடந்து வருவது அவற்றின் வழக்கம். அது வழி தவறியதற்கு அறிகுறி ஆகாது.

தவறிய வளர்ப்பு நாய்: சுற்றுலா வந்தவர் வண்டியை வளைவில் நிறுத்தும்போது குதித்து ஓடியதாகவோ, ஆடி மாத வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில் கைவிட்டுப் போனதாகவோ இருக்கலாம். உரியவர் வெளியூர்க்காரர் என்பதால் இதற்கே தேடல் மிகுதியாக வேண்டியிருக்கும்.

கைவிடப்பட்ட விலங்கு: முதிர்ந்த நாய், நோயுற்ற நாய், பெண் குட்டிகள் ஆகியவை மலைப்பாதையில் விட்டுச் செல்லப்படுவதுண்டு. பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

கால்நடை: மேய்ச்சலில் பிரிந்த ஆடு, பருவத்துக்கு வந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய பசு, கன்று ஈன மறைவிடம் தேடி ஒதுங்கிய சினைப்பசு ஆகியவை இதில் அடங்கும்.

காட்டு விலங்கு: தேவாங்கு, குரங்கு, காட்டுப்பன்றி போன்றவற்றுக்கு இந்த இயலின் முறைகள் பொருந்தா. தனியே கிடக்கும் குட்டியானாலும் தொடக் கூடாது. வனத்துறைக்குத் தெரிவிப்பதே செய்யத்தக்கது. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள தேவாங்கை வீட்டுக்குக் கொண்டுபோவது, நல்லெண்ணத்தால் செய்தாலும், சட்டச் சிக்கலில் முடியும்.

தவறியதா என அறிதல்

விலங்கை நெருங்குமுன் தள்ளி நின்று பார்ப்பது பயன் தரும். ஊர் நாய் தனக்குப் பழகிய இடத்தில் தயக்கமின்றி நடக்கும். கடை வாசலையும் நிழலையும் அறிந்திருக்கும். பிற நாய்கள் அதைக் கண்டு பொங்கியெழா. வழி தவறிய நாய் சாலையோரமாகவே முன்னும் பின்னும் ஓடும். ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்க்கும். ஊர் நாய்களால் துரத்தப்படும். அழைத்தால் வருவதுபோல் வந்து விலகும். கழுத்துப் பட்டை, அறுந்த சங்கிலி, தேய்ந்து புண்ணான பாதம், இப்பகுதியில் வழக்கமில்லாத அயல் இனம் ஆகியவை கூடுதல் தடயங்கள். காதோரத்தில் ஒழுங்கான சிறு வெட்டு இருந்தால், அது கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு இடும் அடையாளம்.

குட்டிகளைப் பொறுத்தவரை பொறுமை முக்கியம். புதரடியில் தனியே கிடக்கும் நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் தாய் இரை தேடிப் போயிருக்கலாம். குட்டிகள் கொழுகொழுவென்றும் அமைதியாகவும் இருந்தால் தாய் வந்துபோகிறது என்று பொருள். ஆபத்தான இடமாக இல்லாவிட்டால், சில மணி நேரம் தொலைவிலிருந்து கவனித்த பிறகே எடுப்பதைப் பற்றி எண்ண வேண்டும்.

மாடும் ஆடும் பொழுது சாயும்போது வீட்டுத் திசையில் நடக்கத் தொடங்கும். தடுக்காமல், விரட்டாமல், பின்னால் தள்ளி நடந்து சென்றால் அவையே உரியவர் வீட்டைக் காட்டிவிடுவதுண்டு. மடி நிறைந்து கத்தும் பசுவுக்குக் கன்று அருகில் இருக்கும். அதைத் தனியாக ஓட்டிச் செல்லக் கூடாது.

நெருங்குமுன் கவனிக்க வேண்டியவை

கொண்டை ஊசி வளைவில் விலங்கைக் கண்டதும் வண்டியை அங்கேயே நிறுத்துவது மனிதருக்கும் விலங்குக்கும் ஆபத்து. வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்தி, விளக்குகளை மினுக்கவிட்டு, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று வரும் வண்டிகளை மெதுவாக்கச் சொல்ல வேண்டும். பனிமூட்டம் உள்ள காலையில் இது இன்னும் இன்றியமையாதது. அஞ்சிய நாயை விரட்டினால் அது சாலைக்குள்ளோ சரிவிலோதான் பாயும். கிணற்றிலோ பள்ளத்திலோ விழுந்த விலங்கை மீட்கத் தாமே இறங்காமல், 112 எண் வழியாகத் தீயணைப்பு மீட்புப் பணித் துறையை அழைப்பது நலம்.

அடுத்து எண்ண வேண்டியது வெறிநோய். அறிகுறி வெளிப்பட்ட பின் மனிதரைக் காக்க வழியில்லாத நோய் அது. காரணமின்றிக் கல், மரம், வண்டிச் சக்கரம் எனக் கண்டதையெல்லாம் கடித்தல், குரல் மாறுதல், எச்சில் ஒழுகுதல், தள்ளாடி நடத்தல் ஆகியவை அதன் ஒரு வடிவம். மற்றொரு வடிவத்தில் விலங்கு சீறாது. தாடை தொங்கி, விழுங்க முடியாமல் சோர்ந்து கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் தோன்றும் நாயின் வாயிலோ, தீவனம் அடைத்ததுபோல் எச்சில் ஒழுக நிற்கும் மாட்டின் வாயிலோ கையை விடக் கூடாது என்பது இதனால்தான். இத்தகைய விலங்கைத் தொடாமல், குழந்தைகளையும் பிற விலங்குகளையும் விலக்கி, கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடியோ கீறலோ பட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது உயிர் காக்கும் முதல் செயல். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய் எதையும் பூசக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று தடுப்பூசி தொடங்க வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்கள் என நான்கு முறை செல்ல வேண்டியிருக்கும். தோல் கிழிந்து இரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு எதிர்ப்புரதமும் தேவைப்படும். கடித்த நாயையோ பூனையையோ கொல்லாமல் 10 நாள் கண்காணிப்பில் வைப்பது சிகிச்சைக்கு உதவும். ஆனால் அந்த முடிவுக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

பிடித்தலும் கட்டுதலும்

நாயை நேருக்கு நேர் பார்த்தபடி நெருங்காமல், பக்கவாட்டில் திரும்பி, தாழ உட்கார்ந்து, அது தானாக வந்து முகர விடுவது நல்லது. சோற்றுருண்டையோ பிஸ்கட்டோ சிறிது தள்ளிப் போட்டு, ஒவ்வொன்றாக அருகே வரச்செய்யலாம். காதைப் பின்னால் மடித்தல், உதட்டை உயர்த்திப் பல் காட்டுதல், உடல் விறைத்து அசையாமல் நிற்றல் ஆகியவை விலகச் சொல்லும் அறிகுறிகள். வாலாட்டுவதை மட்டும் வைத்து நட்பு என்று கொள்ளக் கூடாது. கழுத்தில் இடும் கயிறு இறுகிக்கொண்டே போகும் சுருக்காக இருக்கக் கூடாது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

வலியில் இருக்கும் நாய் தன் வளர்ப்பாளரையே கடிக்கும். அதைத் தூக்குமுன், நீளத் துணி ஒன்றால் மூக்கைச் சுற்றி ஒரு சுற்று, தாடைக்கு அடியில் ஒரு குறுக்கு, காதுகளுக்குப் பின்னால் ஒரு முடிச்சு என வாய்க்கட்டு போடலாம். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், சப்பை மூக்கு இன நாய்க்கும் வாய்க்கட்டு ஆகாது. ஏற்றும் வேலை முடிந்தவுடன் அவிழ்த்துவிட வேண்டும். பூனையைத் தடித்த துண்டால் முழுவதுமாகப் போர்த்தி, காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் விடுவதே எளிது.

மாட்டைப் பின்புறமாக அணுகக் கூடாது. மெல்லப் பேசிக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாக வந்து, மூக்கணாங்கயிற்றையோ தும்பையோ பிடிக்கலாம். மூக்கணாங்கயிற்றை மரத்தில் நேரடியாகக் கட்டினால், மாடு மிரண்டு இழுக்கும்போது மூக்கு கிழியும். கழுத்துக் கயிற்றைக் கொண்டே கட்ட வேண்டும். சரிவின் விளிம்பில் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஆடுகளைப் பொறுத்தவரை, முன்னோடும் ஆட்டைப் பிடித்தால் மற்றவை நின்றுவிடும்.

காயமுற்ற விலங்கு

இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, இடையிடையே எடுத்துப் பார்க்காமல் 5 முதல் 10 நிமிடம் வைத்திருந்தால் பெரும்பாலும் நிற்கும். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணியை வைக்க வேண்டும். எலும்பு முறிந்த காலை நேராக்க முயலக் கூடாது. வண்டியில் அடிபட்ட நாயைப் பலகையிலோ இருவர் பிடித்த போர்வையிலோ கிடத்தித் தூக்கினால் முதுகெலும்பு அசையாது. மனிதர் உண்ணும் வலிமாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது; ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

கால்நடை பராமரிப்புத் துறையின் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கோரலாம். மலையில் பல இடங்களில் செல்போன் டவர் கிடைக்காது என்பதால், மேடான இடத்துக்கோ அருகிலுள்ள கடைக்கோ ஒருவரை அனுப்பிப் பேசச் செய்வது காலத்தை மிச்சப்படுத்தும். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முதல் சிகிச்சை பெறலாம். அறுவை போன்ற பெரிய தேவைக்கு, 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் சிகிச்சை வளாகம் உள்ளது. செம்மேட்டிலிருந்து நாமக்கல் சுமார் 55 கிலோமீட்டர். வளைவுகளால் பயணம் நீளும். இறங்குமுன் உணவு கொடுக்காமல், வழுக்காத சாக்கு விரித்து, ஒருவர் உடனிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே கொண்டுபோகும் செய்தியை, விலங்கைக் கண்ட இடத்துக்கு அருகிலுள்ள வீட்டிலோ கடையிலோ தொலைபேசி எண்ணோடு சொல்லிவிட்டே புறப்பட வேண்டும்.

நீர், உணவு, இடம்

முதலில் நீர், பிறகே உணவு. நெடும் பட்டினி கிடந்த நாய்க்கு வயிறு நிறையக் கொடுத்தால் வாந்தியும் கழிச்சலும் வரும். குழைந்த சோறு, தயிர்ச் சோறு, மசாலா இல்லாத முட்டை ஆகியவற்றைச் சிறு அளவில் பலமுறை கொடுக்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட், காப்பிக்கொட்டை ஆகியவை நாய்க்கு நஞ்சு. குளிரில் விறைத்த குட்டிக்கு உணவுக்கு முன் உடல் சூடேற வேண்டும்; துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அருகே வைத்து, சூடு வந்த பிறகே பால் புகட்ட வேண்டும். மார்கழி, தை மாத இரவுகளில் மலையின் குளிர் குட்டிகளுக்கு உயிராபத்தாகும்.

கால்நடைக்கு உலர்ந்த வைக்கோலும் பசும்புல்லும் போதும். கொல்லிமலையில் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி பரவலாகப் பயிராகிறது. அதன் பசுந்தழையும் கிழங்குத் தோலும் சயனைடை வெளிவிடும் தன்மையுள்ளவை. பசித்த ஆடு அவற்றை நிறையத் தின்றால் மூச்சுத் திணறிச் சாகும். எனவே மரவள்ளிக் கொல்லைக்குள்ளோ அதன் ஓரத்திலோ கட்டக் கூடாது. சோறு, அரிசி, பழம் ஆகியவற்றைப் பசித்த மாட்டுக்குக் குவித்துக் கொடுப்பதும் தீங்கு. வயிற்றில் அமிலம் பெருகி மாடு விழுந்துவிடும்.

தங்கவைக்கும் விலங்கை வீட்டு நாய், பூனை, ஆடு, மாடுகளோடு சேர்க்காமல், தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு இரண்டு வாரமாவது ஒதுக்கி வைப்பது நோய்த் தொற்றைத் தடுக்கும்.

உரியவரைத் தேடுதல்

தேடல் விலங்கைக் கண்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், தொலைந்த நாய்களில் 93 விழுக்காடும் பூனைகளில் 75 விழுக்காடும் திரும்பக் கிடைத்ததாகத் தெரியவந்தது. கிடைத்த நாய்களில் ஏறத்தாழப் பாதி அக்கம்பக்கத்தில் தேடியதால் கிடைத்தவை. பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவை தாமாகவே வீடு திரும்பியவை. ஊருக்கு ஊர் அறிமுகமுள்ள கொல்லிமலையில் அக்கம்பக்கத் தேடலுக்கு வலிமை இன்னும் கூடுதல்.

தேடும் வரிசை வருமாறு:

1. உடலில் உள்ள அடையாளம். மாட்டின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் காது வில்லை இருந்தால், அந்த எண்ணைக் கால்நடை மருந்தகத்தில் சொல்ல வேண்டும். ‘பாரத் பசுதன்’ தரவுத்தளத்தில் அந்த எண்ணோடு உரிமையாளர் விவரம் பதிவாகியிருக்கும். நாயின் கழுத்துப் பட்டையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். தொலைபேசி எண் அங்கே எழுதப்பட்டிருக்கலாம். நகரத்து நாய் எனத் தோன்றினால், தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப் இருக்கக்கூடும். அதைப் படிக்கும் கருவி உள்ள மருத்துவமனையில் சோதிக்கலாம். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது.

2. அருகிலுள்ள வீடு, தேநீர்க் கடை, பேருந்து நிறுத்தம். மேய்ச்சலுக்குப் போவோரும் பள்ளிப் பிள்ளைகளும் எந்த நாய் யாருடையது என்று எளிதில் சொல்லிவிடுவர்.

3. ஊர்க்கவுண்டர் முதலிய ஊர்ப் பெரியவர்களும் ஊராட்சி அலுவலகமும். கால்நடை பற்றிய செய்தி இவர்கள் வழியாகவே அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேரும்.

4. ஓட்டுநர், நடத்துநர். செம்மேட்டிலிருந்து நாமக்கல், இராசிபுரம் செல்லும் பேருந்துகள் வழியெங்கும் செய்தியைக் கொண்டுசெல்லும். வெளியூர் நாயெனில் காரவள்ளி சோதனைச்சாவடியிலும் தங்கும் விடுதிகளிலும் சொல்லிவைக்க வேண்டும். நாயைத் தொலைத்தவர் இறங்கிப் போகும் வழியில் அங்கேதான் விசாரிப்பார்.

5. காவல் நிலையம். விலைமதிப்புள்ள மாடு, ஆடு, உயர் இன நாய் ஆகியவற்றை வாழவந்தி நாடு போன்ற அந்தந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தெரிவிப்பது, பின்னால் திருட்டுப் பழி வராமல் காக்கும்.

6. அறிவிப்பு. கண்ட நாள், இடம், இனம், நிறம், தொடர்பு எண் ஆகியவற்றை எழுதிச் சந்தையிலும் கோயில் அருகிலும் ஒட்டலாம். வாட்ஸாப் குழுக்களில் படத்தோடு அனுப்பலாம். ஒரு முக்கிய அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். விலங்கு ஒப்படைக்கப்பட்டதும் அறிவிப்பை நீக்க வேண்டும்.

உரிமையைச் சரிபார்த்தல்

“இதுவா உங்களுடையது?” என்று காட்டிக் கேட்டால் பொய் உரிமை கோருவது எளிதாகிவிடும். விலங்கைக் காட்டாமல், உரிமை கோருபவரையே விவரிக்கச் செய்ய வேண்டும். மாட்டுக்குச் சுழி இருக்கும் இடம், நெற்றிச் சுட்டி, கொம்பின் வளைவு, சூட்டுக்குறி, ஈற்று எண்ணிக்கை ஆகியவற்றை உண்மையான உரிமையாளர் தடுமாறாமல் சொல்வார். ஆட்டுக்குக் காதுவெட்டும் உடற்புள்ளிகளும் அடையாளம். நாய்க்குத் தடுப்பூசிப் புத்தகம், பழைய படங்கள், அழைக்கும் பெயருக்கு அது காட்டும் துலங்கல் ஆகியவை சான்று. கால்நடையை ஒப்படைக்கும்போது நாள், அடையாளம், பெறுபவர் கையொப்பம் ஆகியவற்றுடன் ஊராட்சிச் செயலர் முன்னிலையில் ஒரு தாள் எழுதிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

கண்டெடுத்தவரின் கடமையைச் சட்டம் தெளிவாகவே வகுத்துள்ளது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 71ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்தவர் அதை நம்பி ஒப்படைக்கப்பட்டவருக்குரிய கவனத்தோடு காக்க வேண்டும். பராமரித்த செலவு கிடைக்கும் வரை அதைத் தன்னிடம் வைத்திருக்க 168ஆம் பிரிவு இடம் தருகிறது. உரியவரைக் கண்டறிய முறையாக முயலாமல் தனதாக்கிக்கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதா, 2023இன் 314ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். தீவனச் செலவைக் கேட்டுப் பெறலாம். விலங்கை விற்கும் எண்ணம் கூடாது.

உரியவர் கிடைக்காதபோது

கால்நடையாயின், பிடித்தவரே வைத்துக்கொள்ளாமல் ஊராட்சியிடமும் காவல் நிலையத்திடமும் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் சொல்லும் ஏற்பாட்டில் விட வேண்டும்.

எவருடைய வீட்டுக்கும் சொந்தமில்லாத தெரு நாய் எனத் தெரிந்தால், அதைக் கண்ட இடத்திலேயே வாழவிடுவதே முறை. விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023இன்படி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். சிகிச்சை முடிந்து குணமான நாயும் தன் ஊருக்கே திரும்ப வேண்டும்.

கைவிடப்பட்ட வளர்ப்பு நாயோ பூனையோ காட்டோரத்தில் தானே பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு. அதற்கு வெறிநோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து, கருத்தடைக்கு ஏற்பாடு செய்து, புதிய வீடு தேட வேண்டும். தோட்டக் காவலுக்கு நாய் தேடும் குடும்பங்கள் மலையிலேயே உண்டு. ஏற்க முன்வருபவரின் வீட்டை நேரில் பார்த்து, நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிவைப்பதில்லை என்ற உறுதியைப் பெற்று ஒப்படைக்க வேண்டும். பின்னாளில் பழைய உரிமையாளர் தேடி வந்தால் தொடர்புகொள்ளும்படி, விலங்கைக் கண்ட நாள், இடம், படம், புதிய வீட்டின் முகவரி ஆகியவற்றின் குறிப்பு ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும் கால்நடை மருந்தகத்திலும் இருக்க வேண்டும்.